மாசாய் மாரா, செப்டம்பர்: படம் எடுக்க எவ்வளவு பக்கத்தில் போக வேண்டும்?

கரிச்சான் · ஜூன் 11, இரவு 8:10

அனைவருக்கும் வணக்கம். பறவைப் படங்கள் பகுதியில் என்னைப் பார்த்திருப்பீர்கள். பன்னிரண்டு ஆண்டுகளாகக் கோவை வாலாங்குளம், சிங்காநல்லூர் குளக்கரைகளில் படம் எடுத்து வருகிறேன். பெரிய விலங்குகளைப் படம் எடுத்துப் பழக்கமில்லை.

செப்டம்பர் இரண்டாவது வாரம் கென்யாவின் மாசாய் மாரா காட்டுயிர்க் காப்பகத்துக்கு ஐந்து இரவுகள் போகிறோம். நான், கணவர், 62 வயதான என் அம்மா. நான்கு ஆண்டுகள் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம். இன்னொரு முறை போக வாய்க்குமா என்று சொல்ல முடியாது. அதனால்தான் இவ்வளவு பதற்றம்.

என்னிடம் இருப்பது கிராப் சென்சார் (சிறிய சென்சார்) கேமரா ஒன்று, 200-600 மி.மீ. லென்ஸ் ஒன்று, பழைய 70-200 ஒன்று. இது போதுமா, வாடகைக்கு இன்னொரு கேமரா எடுக்கலாமா? காப்பகத்துக்குள்ளேயே தங்குவது நல்லதா, வெளியே உள்ள கன்சர்வன்சிகளில் (மாசாய் குடும்பங்களுக்குச் சொந்தமான காட்டுயிர் நிலங்களில்) தங்குவதா? வண்டியைத் தனியாக எடுக்கலாமா, மற்றவர்களோடு சேர்ந்து போகலாமா? இணையத்தில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். சிவிங்கிப்புலி (சீட்டா) ஒன்றையாவது நல்லபடியாக எடுத்துவிட வேண்டும் என்பது என் ஆசை.

நைரோபிவாசி · ஜூன் 11, இரவு 10:35

வாருங்கள் சகோதரி. நான் இங்கே 14 ஆண்டுகளாக இருக்கிறேன். கேமராவைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். புறப்படும் முன் செய்ய வேண்டியதை நான் சொல்லிவிடுகிறேன்.

முதலில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கென்யாவிலிருந்து இந்தியா திரும்பும்போது அதற்கான சான்றிதழ் இல்லாவிட்டால் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்திவிடுவார்கள். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். அம்மாவுக்கு 60 வயது கடந்துவிட்டதால் மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். அந்த வயதுக்கு மேல் முதன்முறை போட்டுக்கொள்பவர்கள் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும்.

அடுத்தது எடை. நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து மாராவுக்குப் பறக்கும் சிறு விமானங்களில் ஆளுக்கு 15 கிலோதான், கேமராப் பையும் அதில் அடக்கம். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியை ஏற்ற மாட்டார்கள், துணிப்பைதான் எடுத்துவர வேண்டும். கேமராவைப் புழுதியிலிருந்து காக்க பிளாஸ்டிக் பைகளை அடுக்கிக்கொண்டு வராதீர்கள். 2017 ஆகஸ்டிலிருந்து கென்யாவில் பிளாஸ்டிக் கைப்பைகளுக்குத் தடை. 2020 ஜூனிலிருந்து காப்பகங்களுக்குள் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பாட்டிலும் கூடாது. பழைய பருத்தி வேட்டியை இரண்டாகக் கிழித்து எடுத்து வாருங்கள், அதைவிட நல்ல உறை கிடையாது. மின்செருகியும் இங்கே வேறு: செவ்வக முனை மூன்று கொண்ட பிரிட்டிஷ் வகை.

தங்குமிடம் பற்றி ஒன்று. 2024 முதல் ஜூலையிலிருந்து டிசம்பர் வரை காப்பக நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவருக்கு ஒரு நாளுக்கு 200 டாலர். ஜனவரி முதல் ஜூன் வரை 100. செப்டம்பரில் போகிறீர்கள் என்றால் கணக்கில் இதை முதலில் எழுதுங்கள்.

தூரப்பார்வை · ஜூன் 12, காலை 6:20

நான் ஐந்து முறை போயிருக்கிறேன். கரிச்சான், உங்கள் லென்ஸ் போதும், தாராளமாகப் போதும். கிராப் சென்சாரில் 600 என்பது 900 மி.மீ. அளவுக்குப் பார்வையைக் குறுக்கிவிடும். யானை பக்கத்தில் வந்தால் அதன் கண் மட்டும்தான் கட்டத்துக்குள் நிற்கும். ஆகவே 70-200-ஐ வீட்டில் விட்டுவிடாதீர்கள். இன்னொரு கேமரா உடல் வாடகைக்குக் கிடைத்தால் எடுங்கள். படத்தின் தரம் கூடும் என்பதற்காகச் சொல்லவில்லை, வண்டிக்குள் லென்ஸ் மாற்றவே கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். மாராவின் புழுதி சந்தன மாவு போல நுண்மையானது. ஒருமுறை மூடியைத் திறந்தால் சென்சாரில் போய் உட்காரும். அதன் பிறகு ஒவ்வொரு வானத்திலும் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

முக்காலி வேண்டாம். காலியான பீன் பேக் ஒன்று தைத்து எடுத்துப் போங்கள். முகாம் சமையற்கூடத்தில் கேட்டால் அரிசியோ பயறோ போட்டு நிரப்பித் தருவார்கள், கிளம்பும் நாளில் அவர்களிடமே கொட்டிவிடலாம். ஜன்னல் விளிம்பில் அதைப் போட்டு லென்ஸைச் சாய்த்தால் கை நடுங்காது. வண்டியில் யாராவது எழுந்து உட்கார்ந்தால்கூட 600-இல் பூகம்பம் வந்ததுபோல ஆடும். அம்மாவிடமும் கணவரிடமும் முன்பே சொல்லி வையுங்கள்: நான் கையைத் தூக்கினால் மூச்சு மட்டும் விடுங்கள் என்று.

ஷட்டர் வேகத்தைக் கையால் வையுங்கள், ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்வு அளவை) தானியங்கியில் விட்டுவிடுங்கள். உட்கார்ந்திருக்கும் சிங்கத்துக்கு விடியற்கால வெளிச்சத்தில் 1/250 விநாடி போதும். நடப்பதற்கு 1/1000. ஓடத் தொடங்கிவிட்டால் 1/2500-க்குக் குறையாதீர்கள். எதிர்வெளிச்சத்தில் ஒரு படி குறைத்து எடுங்கள், பிடரி மயிரைச் சுற்றி ஒளி கோடு போடும். ஐஎஸ்ஓ கூடுவதால் படத்தில் வரும் பொடிப் புள்ளிகளைப் பிறகு மென்பொருளில் சரிசெய்துகொள்ளலாம். குலுங்கிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

பத்து மணிக்கு மேல் தொலைவில் இருப்பதை எடுப்பது வீண். தரை சூடேறிக் கானல் எழும். லென்ஸ் எவ்வளவு விலையானாலும் படம் தண்ணீருக்குள் இருப்பது போலத்தான் வரும். பலர் திரும்பி வந்து லென்ஸ் பழுது என்று கடைக்காரரிடம் சண்டை போட்டிருக்கிறார்கள்.

ஒற்றைப்பனை · ஜூன் 12, பகல் 1:05

ஐயா சொல்வதெல்லாம் சரி. ஆனால் தலைப்பில் கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. நான் போன ஆண்டு போனேன். என் அனுபவத்தில் பக்கத்தில் போனால்தான் படம். ஓட்டுநரிடம் உறுதியாகச் சொல்லுங்கள். நாம் இவ்வளவு பணம் கட்டுகிறோம், 80 மீட்டர் தள்ளி நிறுத்திவிட்டு அவர் ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தால் எப்படி? நான் முதல் நாளே தனியாக அன்பளிப்பு தருவதாகச் சொன்னேன். சிவிங்கிப்புலிக்குப் பத்து மீட்டரில் கொண்டு நிறுத்தினார். அது எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. வண்டிகளுக்கு அவை பழகிப்போனவை.

தூரப்பார்வை · ஜூன் 12, இரவு 9:48

ஒற்றைப்பனை, உங்கள் மீது கோபம் இல்லை. நான் செய்ததைத்தான் நீங்களும் செய்திருக்கிறீர்கள். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என் இரண்டாவது பயணம். புல்வெளியில் தாய் சிவிங்கிப்புலி ஒன்று, மூன்று குட்டிகள். குட்டிகளின் முதுகில் சாம்பல் நிற மயிர் இன்னும் உதிரவில்லை, இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது. தாயின் வயிறு ஒட்டிக் கிடந்தது, இடுப்பெலும்பு தோலுக்கு மேல் துருத்திக்கொண்டு நின்றது. 150 மீட்டர் தள்ளித் தாம்சன் மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. தாய் தலையைத் தாழ்த்தி, அடி அடியாக, புல்லோடு புல்லாக நகர்ந்தது. நான் ஓட்டுநரின் தோளைத் தட்டி "முன்னால் போங்கள், முன்னால் போங்கள்" என்றேன். அவர் தயங்கினார். மறுபடியும் தட்டினேன். போனார். எங்களைப் பார்த்து இன்னொரு வண்டி வந்தது. பிறகு பத்து, பதினாலு.

மான்கள் வண்டிகளைப் பார்த்துத் தலை தூக்கின. அவ்வளவுதான். தாய் ஓடியது, பாதியிலேயே நின்றது. விலா ஏறி இறங்க எங்கள் வண்டிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. நீங்கள் சொன்ன அதே "கண்டுகொள்ளவே இல்லை" என்ற முகம். நான் அப்போது 200 படம் எடுத்தேன். அதற்குப் போக்கிடமும் இல்லை, ஓடுவதற்குத் தெம்பும் இல்லை என்பது அறைக்கு வந்து படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் புரிந்தது. ஒரு படத்தின் மூலையில், மங்கலாக, கழுதைப்புலி ஒன்று நிற்கிறது. வண்டிகள் கூடும் இடத்தில் ஏதோ இருக்கிறது என்பது கழுதைப்புலிக்குத் தெரியும்.

மாராவில் சிவிங்கிப்புலிகளை ஆராய்ந்த ஆய்வு ஒன்று 2018-இல் வெளிவந்தது. சுற்றுலா வண்டிகள் குறைவாகத் திரியும் பகுதியில் ஒரு தாய் ஓர் ஈற்றில் சராசரியாக 2.3 குட்டிகளை வளர்த்து ஆளாக்குகிறது. வண்டிகள் மிகுந்த பகுதியில் அந்த எண்ணிக்கை 0.2. அதாவது ஐந்து ஈற்றுக்கு ஒரு குட்டி. சிவிங்கிப்புலி பெரும்பாலும் பகலில் வேட்டையாடும் விலங்கு, நாமும் பகலில்தான் போகிறோம்.

"பழகிப்போனவை" என்ற சொல்லை நான் அதற்குப் பிறகு பயன்படுத்துவதில்லை.

சாம்பல்நாரை · ஜூன் 13, காலை 7:30

படித்து முடித்ததும் சற்று நேரம் எழுதவே தோன்றவில்லை.

நான் 70-300 மட்டும் வைத்திருப்பவன். தள்ளி நின்றால் என் படத்தில் விலங்கு கடுகளவுதான் இருக்கும். என்னைப் போன்றவர்கள் என்ன செய்வது என்றும் சொல்லுங்கள்.

தூரப்பார்வை · ஜூன் 13, காலை 11:15

சாம்பல்நாரை, விலங்கு சிறியதாக இருக்கட்டும், அது இருக்கும் நிலத்தை எடுங்கள். மாராவின் வானமும் ஒற்றை மரமும் கோவைக்கும் மதுரைக்கும் கொண்டுவர முடியாதவை. சிங்கத்தின் முகத்தை முகத்தளவுக்கு எடுத்த படங்கள் உலகில் லட்சக்கணக்கில் இருக்கின்றன.

600 உள்ளவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். இது கருணைக்காக மட்டும் சொல்வதல்ல, படத்துக்காகவும்தான். லேண்ட் க்ரூசரின் கூரையைத் திறந்து நின்று எடுத்தால் உங்கள் கேமரா தரையிலிருந்து இரண்டரை மீட்டர் உயரத்தில் இருக்கும். பத்து மீட்டர் தூரத்தில் இருக்கும் விலங்கை அங்கிருந்து எடுத்தால் அதன் முதுகும் பின்னால் உள்ள புல்தரையும்தான் விழும். மாடியிலிருந்து தெருநாயை எடுத்தது போல இருக்கும். அதே விலங்கை 60 மீட்டரில் எடுங்கள். பார்வைக்கோடு ஏறத்தாழ கிடைமட்டமாகிவிடும், அதன் கண் உங்கள் கண்ணுக்கு நேராக வரும். பின்னணி இன்னும் தள்ளிப்போய்க் கரைந்துவிடும். ஜன்னலுக்கு இறங்கி பீன் பேக்கில் வைத்து எடுத்தால் இன்னும் நல்லது. ஒற்றைப்பனை, உங்கள் பத்து மீட்டர் படத்தையும் இந்தக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒற்றைப்பனை · ஜூன் 13, இரவு 10:02

பார்த்தேன். 340 படங்களில் 300-க்கு மேல் முதுகுதான் தெரிகிறது. காதுக்கும் வாலுக்கும் நடுவே பச்சைப் புல். கண் தெளிவாக உள்ளவை எல்லாம் அது எழுந்து விலகிப் போன பிறகு எடுத்தவை. அன்பளிப்பு கொடுத்து ஓட்டுநரை விதி மீற வைத்தது தவறு. அவருடைய வேலை போயிருக்கலாம் என்பதை நான் நினைக்கவே இல்லை.

நைரோபிவாசி · ஜூன் 14, காலை 8:50

போயிருக்கலாம்தான். காப்பகத்தில் பெரும்பூனை ஒன்றைச் சுற்றி ஒரே நேரத்தில் ஐந்து வண்டிகளுக்கு மேல் நிற்கக் கூடாது, தடத்தை விட்டு இறங்கக் கூடாது. காவலர் பிடித்தால் அபராதம். ஓட்டுநர் பெயர்தான் கெடும், பயணி விமானம் ஏறிவிடுவார். இவர்களில் பலர் படித்துத் தேர்வு எழுதி வந்தவர்கள். கென்யத் தொழில்முறை சஃபாரி வழிகாட்டிகள் சங்கம் வெண்கலம், வெள்ளி, தங்கம் என மூன்று படிகளில் தேர்வு வைக்கிறது. தங்கப் பட்டை வாங்கியவர்கள் மிகச் சிலர். சட்டையில் அந்தப் பட்டையைப் பார்த்தீர்கள் என்றால், வேகமாக ஓட்டுங்கள் என்று சொல்லாதீர்கள், "இன்று நீங்கள் எங்கே போக நினைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அன்பளிப்பை முதல் நாள் காட்டாதீர்கள், கடைசி நாள் கொடுங்கள்.

கரிச்சான், உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கன்சர்வன்சி நிலங்கள் மாசாய் குடும்பங்களுக்குச் சொந்தமானவை. முகாம்கள் அவர்களுக்கு மாதக் குத்தகை தருகின்றன, அதற்கு ஈடாக அவர்கள் அந்த நிலத்தை வேலி போடாமல் விட்டிருக்கிறார்கள். வண்டிகள் குறைவு, கூட்டம் இல்லை. அங்கே விதிகளுக்கு உட்பட்டுத் தடத்தை விட்டு இறங்கலாம் என்பதால் வெளிச்சத்துக்கு ஏற்ப வண்டியைத் திருப்ப முடியும். ஆனால் மாரா ஆற்றைக் கடக்கும் வில்டபீஸ்ட் (மாடு போன்ற பெரிய மான்) மந்தையைப் பார்க்க வேண்டுமானால் காப்பகத்துக்குள் போயாக வேண்டும், அதற்குக் கட்டணம் தனி. என் யோசனை: மூன்று இரவு கன்சர்வன்சி, இரண்டு இரவு ஆற்றோரம். முடிந்தால் வண்டியைத் தனியாக எடுங்கள். ஒரே விலங்கின் அருகில் மூன்று மணி நேரம் உட்கார மற்றவர்கள் சம்மதிக்க மாட்டார்கள்.

தூரப்பார்வை · ஜூன் 14, மாலை 5:33

ஆற்றுக் கடப்பைப் பற்றி இரண்டு வார்த்தை. பத்து லட்சத்துக்கு மேல் வில்டபீஸ்ட், கூடவே வரிக்குதிரைகள். எப்போது இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கரைக்கு வரும், முகர்ந்து பார்க்கும், திரும்பிப் போகும். ஐந்து மணி நேரம் காத்திருந்து ஒன்றும் நடக்காமல் வந்திருக்கிறேன். பின்னால் தள்ளி நில்லுங்கள். முதல் விலங்கு தண்ணீரில் இறங்கிக் கடக்கத் தொடங்கிய பிறகுதான் வண்டி கரைக்கு நகரலாம். முன்பே போய் வழியை அடைத்தால் மந்தை மொத்தமும் திரும்பிவிடும், அல்லது செங்குத்தான இடத்தில் குதித்துக் காலை முறித்துக்கொள்ளும். படத்துக்கு 70-200 எடுங்கள். புழுதி, தண்ணீர், கரையில் முட்டி மோதும் கூட்டம் எல்லாம் சேர்ந்ததுதான் அந்தக் காட்சி.

மற்ற நாள்களில் ஒரே குடும்பத்தோடு இருங்கள். 2014-இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் காட்டுயிர் ஒளிப்படப் பரிசை வென்ற மைக்கேல் நிக்கோல்ஸ், பரிசு பெற்ற படத்தில் உள்ள பெண் சிங்கக் கூட்டத்தைத் தான்சானியாவின் செரெங்கெட்டியில் ஏறக்குறைய ஆறு மாதம் பின்தொடர்ந்திருந்தார். நமக்கு ஆறு மாதம் இல்லை. ஒரு காலைப் பொழுது இருக்கிறது. "அங்கே சிறுத்தை, இங்கே காண்டாமிருகம்" என்று ரேடியோ கூப்பிடும் இடத்துக்கெல்லாம் ஓடினால் அந்த ஒரு காலையும் போய்விடும்.

கரிச்சான் · ஜூன் 14, இரவு 9:20

எல்லாருக்கும் நன்றி. அம்மாவிடம் தூரப்பார்வை ஐயா எழுதியதைப் படித்துக் காட்டினேன். "அந்தத் தாய்க்கு அப்புறம் ஏதாவது கிடைத்ததா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

தூரப்பார்வை · ஜூன் 14, இரவு 9:41

எனக்கும் தெரியவில்லை அம்மா. அன்று வெளிச்சம் போனதும் நாங்கள் கிளம்பிவிட்டோம்.

கரிச்சான் · செப்டம்பர் 27, மாலை 6:15

நலமாகத் திரும்பிவிட்டோம். நைரோபிவாசி அண்ணா சொன்னபடி மூன்று இரவும் இரண்டு இரவுமாகத் தங்கினோம். ஆற்றுக் கடப்பு பார்க்கவில்லை. இரண்டு நாளும் மந்தை கரைவரை வந்து திரும்பிவிட்டது. முதல் நாள் வண்டிகள் இருபதுக்கு மேல் நின்றன. சில வண்டிகள் கரையோரம் முட்டிக்கொண்டு போனதும் மந்தை பின்வாங்கியதைக் கண்ணால் பார்த்தேன். எங்கள் வழிகாட்டி தலையை மட்டும் ஆட்டினார்.

நான்காவது நாள் காலையைப் பற்றித்தான் எழுத வந்தேன். கன்சர்வன்சியில் ஏழு மணி இருக்கும், வண்டி அணைத்து நிற்கிறது. அம்மா "ஏதோ குருவி கத்துகிறதே, உனக்குக் கேட்கவில்லையா?" என்றார். கேட்டது. மெல்லிய, கூர்மையான "கீச்" ஒன்று, விட்டு விட்டு. பன்னிரண்டு ஆண்டு பறவை பார்த்தவள் நான். அந்தக் குரலை எந்தப் பறவையோடும் என்னால் சேர்க்க முடியவில்லை. புதர் புதராகத் தேடுகிறேன். வழிகாட்டி என் லென்ஸைத் தொடாமல் கையை மட்டும் நீட்டி, "பறவை இல்லை, டூமா" என்றார். சுவாஹிலியில் சிவிங்கிப்புலி.

கறையான் புற்றின் மேல் தாய் நின்றிருந்தது. 70 மீட்டர் இருக்கும். அதுதான் அந்தக் குரலில் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. வழிகாட்டி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் என்ன சொல்வேன் என்று அவர் காத்திருந்தது தெரிந்தது. "இங்கேயே இருப்போம்" என்றேன். அவர் இருக்கையில் சாய்ந்து தெர்மாஸைத் திறந்தார்.

இருபது நிமிடம் கழித்துப் புல் அசைந்தது. ஒவ்வொன்றாக நான்கு குட்டிகள். ஈரப் புல்லில் நனைந்து முதுகு மயிர் சிலிர்த்து நின்றது. நான்காவது குட்டி புற்றில் ஏறத் தெரியாமல் இரண்டு முறை சறுக்கியது. மூன்றாவது முறை தாயின் வாலைப் பற்றிக்கொண்டு ஏறியது. ஜன்னலில் பீன் பேக், 600, 1/1000. மொத்தம் 46 படம். கை நடுங்கியதால் பாதி போயிற்று. அந்த வால் படம் தெளிவாக இருக்கிறது, கீழே இணைத்திருக்கிறேன்.

ஒற்றைப்பனை · செப்டம்பர் 27, இரவு 7:50

தாயின் கண் நேராகக் கேமராவைப் பார்க்காமல் குட்டியைப் பார்க்கிறது. என் 340 படங்களில் இது இல்லை. எந்த கன்சர்வன்சி, எந்தப் பக்கம் என்று சொல்ல முடியுமா? பிப்ரவரியில் மறுபடி போகிறேன். இந்த முறை வழிகாட்டியைத் தேர்ந்தெடுத்துவிட்டுத்தான் தேதியையே குறிப்பேன்.

கரிச்சான் · செப்டம்பர் 27, இரவு 8:30

மன்னியுங்கள், இடத்தைப் பொதுவில் போட வேண்டாம் என்று வழிகாட்டி கேட்டுக்கொண்டார். குட்டிகள் இன்னும் சிறியவை, ஒரே வாரத்தில் கூட்டம் சேர்ந்துவிடும் என்றார். படத்திலிருந்து இடக்குறிப்பையும் நீக்கிவிட்டுத்தான் ஏற்றினேன். குட்டிகள் தாயை விட்டுப் பிரிய ஒன்றரை ஆண்டு ஆகுமாம். அதற்குப் பிறகு கேளுங்கள், கட்டாயம் சொல்கிறேன்.

சாம்பல்நாரை · செப்டம்பர் 27, இரவு 9:05

அம்மா படம் ஏதும் எடுத்தாரா?

கரிச்சான் · செப்டம்பர் 27, இரவு 9:12

கைப்பேசியில் குரலைப் பதிவு செய்திருக்கிறார். நாற்பது விநாடி. முதலில் காற்று, பிறகு அந்தக் "கீச்", கடைசியில் தெர்மாஸ் மூடி திறக்கும் சத்தம். நாளை ஏற்றுகிறேன்.